ஒரு நாய்க்கு எத்தனை கைகள் சோறு போடுவது?

எல்லீஸ் நகரிலிருந்து ஒரு குடும்பம் தங்கள் லாப்ரடாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் கால்நடை மருத்துவமனைக்கு வந்தது. ஆறு வயது. பின்னங்காலை இழுக்கிறது, மாடிப்படி ஏற மறுக்கிறது என்றார்கள். தராசில் நிறுத்தினால் 46 கிலோ. அதன் எலும்புக் கட்டுக்கு 33 கிலோ போதும்.

"என்ன சாப்பிடுகிறது?"

"இரண்டு வேளை தயிர்சாதம், ராத்திரி கொஞ்சம் கறிச்சோறு. அவ்வளவுதான் சார்" என்றார் வீட்டுக்காரர். இந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லை நம்புவதை நான் விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. வந்திருந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். காலை டீயோடு அப்பத்தாவுக்கு நான்கு பிஸ்கட், நாய்க்கும் நான்கு. பையன் டிபன் டப்பாவில் மிச்சம் வைத்தது சாயங்காலம் அதன் தட்டுக்குப் போகிறது. அம்மா கடைசி மாவில் அதற்கென்று ஒரு தோசை வார்க்கிறார். அப்பா பரோட்டா வாங்கி வரும் நாட்களில் பாதியைப் பிய்த்துச் சால்னாவில் ஊறவைத்துப் போடுகிறார். ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாது. முழுக் கணக்கும் தெரிந்தது நாய்க்கு மட்டும்தான்.

33 கிலோவுக்கு இளைக்க வேண்டிய நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 கலோரி போதும். அந்த நான்கு பிஸ்கட்டும் அரை பரோட்டாவுமே அதில் கால் பங்கை எடுத்துக்கொள்ளும். நொறுக்குத் தீனி எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் கணக்கு. சோற்றின் மேல் பழியைப் போட வேண்டாம். வெந்த சோற்றை நாய் நன்றாகவே செரிக்கும். அளவும், கூடவே புரதம் இல்லாததும்தான் சிக்கல்.

இதில் பெரிய சான்று ஒன்று உண்டு. 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக அதே தீனியைப் போட்டு, ஆயுள் முழுவதும் கவனித்தார்கள். 2002இல் முடிவு வெளிவந்தது. குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுவாதத்துக்கு மருந்து தேவைப்பட்டதும் குறைவாகத் தின்றவற்றுக்கு மூன்று வருடம் தள்ளித்தான். ஆய்வை நடத்தியது பூரினா, நாய்த்தீனி விற்கிற நிறுவனம்! குறைத்துப் போடச் சொல்லி அவர்களுக்கு என்ன லாபம்?

திருமங்கலம் பக்கத்திலிருந்து சிப்பிப்பாறை ஒன்றைக் கூட்டி வந்தவரின் கவலை நேர்மாறானது. "ஊரே கேட்கிறது டாக்டர், நாய்க்குச் சோறு போடுவதில்லையா என்று." சத்து டானிக் வேண்டுமாம். விலாவில் கை வைத்துப் பார்த்தேன். அன்று நான் பார்த்த நாய்களில் ஆரோக்கியமானது அதுதான். வேட்டை நாய்க்கு அந்த ஒட்டிய வயிறுதான் லட்சணம்.

நீங்களும் வீட்டில் பார்க்கலாம். கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள். நாயின் விலா அப்படித் தட்டுப்பட்டால் சரி. மடக்கிய கைவிரல் முட்டியைப் போல் துருத்தினால் இளைப்பு. உள்ளங்கைச் சதையைப் போல் அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு.

ஞாயிற்றுக்கிழமை வீடுகளில் கறி எடுத்தால் திங்கட்கிழமை எனக்குக் கூட்டம். கொழுப்பை வெட்டி நாய்க்குப் போட்டுவிடுகிறோம். கணையம் வீங்கி, வாந்தியும் வயிற்றுவலியுமாக முதுகை வளைத்துக்கொண்டு வந்து நிற்கும். வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். சால்னாவின் வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள்.

கறி மட்டுமே தின்று வளரும் குட்டிக்கு வேறு ஆபத்து. கறியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் சொற்பம். பற்றாக்குறையை உடம்பு எலும்பிலிருந்து உருவும். கால் வளையும், சோபாவிலிருந்து குதித்தாலே முறியும். அதற்காகச் சரிவிகிதத் தீனி தின்னும் பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் சிரப்பை ஊற்றாதீர்கள். மிகுதியும் எலும்பைக் கெடுக்கும்.

எல்லீஸ் நகர் லாப்ரடாருக்கு தைராய்டு பரிசோதனையும் செய்தோம், குறை இல்லை. "அது வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு எப்படித் தம்பி டீ இறங்கும்?" என்று அப்பத்தா மட்டும் மல்லுக்கு நின்றார். அன்றன்றைக்கான தீனியைக் காலையிலேயே அளந்து ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள், யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான் என்றேன். பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரித் துண்டு. வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கி, ஏழாவது மாதம் 35இல் நின்றது. இப்போது மொட்டை மாடிக்கு அப்பத்தாவுக்கு முன்னால் ஏறிப் போய் நிற்கிறதாம், வடகம் காயப் போடும் இடத்தில்.