பூனைப் படம் போட்டிருந்தா அது பாப்பா புக்கா?

இந்த வருஷம் இது மூணாவது தடவை. பிஎஸ்எல்இ (இங்க சிங்கப்பூர்ல ஆறாம் வகுப்புப் பரீட்சை) முடிஞ்ச கையோட, என்கிட்ட வர்ற ஒரு பொண்ணு வீட்டுல இருந்த காமிக்ஸ் எல்லாத்தையும் கட்டா கட்டி பழைய பேப்பர் வாங்கற காராங்குனிக்காரர்கிட்ட போட்டுட்டாங்க, அதோட சேர்ந்து பிள்ளை ரெண்டு வருஷமா கையால வரைஞ்ச நோட்டும் போயிடுச்சு. ஏன்க்கா இப்படி பண்ணீங்கன்னு அவ அம்மாகிட்ட கேட்டா "பெரிய பொண்ணாயிட்டா, இன்னும் என்ன பூனையும் எலியும்"னு பதில். நான் பிள்ளைங்களோட படம் வரைஞ்சு பேசற வேலை பாக்கறேன், ஆர்ட் தெரபிஸ்ட். கோபத்துலதான் எழுதறேன், அங்கங்க குரல் உசந்தா மன்னிச்சுக்கோங்க.

அந்த நோட்டை நான் பாத்திருக்கேன். (வீட்டுல கேட்டுட்டுத்தான் எழுதறேன், அடையாளம் தெரியாத மாதிரி கொஞ்சம் மாத்தியும் இருக்கேன்.) பிரைமரி ஃபைவ்ல ஆரம்பிச்ச கதை, ஹீரோ ஒரு வாய்ட் டெக் (புளோக்குக்குக் கீழ இருக்கற திறந்த தளம்) பூனை. முதல் பக்கங்கள்ல அது நாலு கால்ல ஓடும், தலை பெருசு, உடம்பு துக்கடா, வால் கட்டத்தை விட்டு வெளியே நீட்டிக்கிட்டு நிக்கும். நடுவுல அந்தப் பொண்ணு வயசுக்கு வந்து, ஹால் எடுத்து சடங்கு செஞ்சாங்க. அதுக்கு அப்புறம் வர்ற பக்கத்துல பூனை ரெண்டு கால்ல நிக்குது, பட்டுச் சேலை, தலை நிறைய பூ, சுத்தி ஆளுங்க போன்ல படம் எடுக்கறாங்க. வாலைக் காணோம். வால் எங்கம்மான்னு கேட்டேன். "சேலைக்குள்ள சொருகிட்டாங்க ஆண்ட்டி"ன்னா. சடங்கு தப்புன்னு நான் சொல்ல வரல, அவளுக்கே அந்தச் சேலை பிடிச்சுத்தான் இருந்துச்சு, ஆனா அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு யாரும் அவகிட்ட கேக்கல, அவ பூனைகிட்ட சொல்லிட்டா. அந்தப் பூனையத்தான் கிலோ கணக்குல எடை போட்டு அனுப்பிட்டோம்.

"விலங்கு படம் போட்டா அது சின்னப் பிள்ளைங்களுக்கு"ங்கற நினைப்பு எங்கிருந்து வருதுன்னு எனக்குப் புரியாம இல்ல. நம்ம தலைமுறைக்கு பூந்தளிர்ங்கற சிறுவர் இதழ்ல காக்கை காளி, கபீஷ். கபீஷுக்கு வால்தான் நீளும், வயசு நீளாது. எத்தனை இதழ் வந்தாலும் அதே குரங்கு. அதைப் பாத்து வளந்தவங்க, விலங்குக் கதைல யாரும் பெரியவங்க ஆகறதே இல்லன்னு முடிவு கட்டிடறாங்க. ஆனா இதே நினைப்பு எதிர்ப்பக்கமும் குழி பறிக்குதுங்க. ஒரு அப்பா, அட்டையில எலி இருக்குன்னு ஏழு வயசுப் பையனுக்கு "மௌஸ்" வாங்கிக் குடுத்துட்டாரு. யூதர்களை எலியாவும் நாஜிகளைப் பூனையாவும் வரைஞ்ச இன அழிப்புக் கதை அது, 1992-ல புலிட்சர் சிறப்பு விருது வாங்கினது. பையன் ஒரு வாரம் தனியா தூங்கல. இன்னொருத்தர் ஸ்கூல் யூனிஃபார்ம்ல ஓநாயும் முயலும் இருக்கேன்னு "பீஸ்டார்ஸ்"ங்கற ஜப்பான் காமிக்ஸ வாங்கிட்டாரு. அது தன் உடம்பையும் பசியையும் பாத்து தானே பயப்படற ஒரு டீனேஜ் ஓநாயோட கதை, ரத்தமும் இருக்கு, காமமும் இருக்கு. பன்னிரண்டு வயசுக்காரி கையில இருக்கற பூனையக் குப்பைன்னு தூக்கிப் போடறதும் ஏழு வயசுக்காரன் கையில இதைத் திணிக்கறதும் ஒரே தப்புதான். நம்ம ஊர் காமிக்ஸ் ஓவியர் சோனி லியூ தன்னோட 2015 புத்தகத்துல சிங்கப்பூர் மலேசியாவோட சேந்து பிரிஞ்ச அரசியலையே ஒரு பகுதியில விலங்குகளா வரைஞ்சு வச்சிருக்காரு, அதையும் நர்சரி ஷெல்ஃப்ல வைப்பீங்களா?

விலங்கு ஒரு முகமூடி அவ்வளவுதான், வளர்றது உடம்புல தெரியும். முதல்ல தலைக்கும் உடம்புக்கும் உள்ள கணக்கு. பெரிய தலை, பெரிய கண்ணு, உப்பின கன்னம் பாத்தாலே நமக்குக் கொஞ்சத் தோணும்னு விலங்குகளோட நடத்தைய ஆராய்ஞ்ச லோரென்ஸ் 1943-லயே எழுதிட்டாரு. 1979-ல உயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட் உக்காந்து மிக்கி மவுஸ அளந்து பாத்தாரு, அம்பது வருஷத்துல தலை நீளத்துல கண்ணோட பங்கு 27 சதவீதத்துலருந்து 42 ஆயிருக்கு, அதாவது மிக்கிக்கு வயசு பின்னாடி போயிருக்கு. ஆரம்பத்துல சேட்டைக்கார எலி, ஊரு மதிக்க மதிக்க குழந்தையாயிட்டான்! (எங்க வீட்டுக்காரரும் இதே கேஸ்.) "பீனட்ஸ்" காமிக்ஸ்ல வர்ற ஸ்னூப்பி 1950-ல வந்தப்ப நாலு கால் நாய்க்குட்டி, 1952-ல மனசுக்குள்ள யோசிக்க ஆரம்பிச்சுது, 1956-ல ரெண்டு கால்ல நடந்துது. அந்தப் பொண்ணுக்கு இதெல்லாம் தெரியாது, ஆனாலும் அவ பூனை எழுந்து நின்னுச்சு பாருங்க. அப்புறம் மான் கொம்பு, அது வருஷா வருஷம் விழுந்து முளைக்கற சமாச்சாரம், மேல மூடியிருக்கற மெல்லிசு தோல் உரியறப்ப ரத்தம் தெரியும், பையனுங்க இதை ஏன் இவ்வளவு விரும்பி வரையறாங்கன்னு குரல் உடையற வயசுல ஒருத்தன் வீட்டுல இருந்தா தெரிஞ்சிருக்கும். துணி, செருப்பு, ஒளிச்சு வைக்கற வால், முளைக்கற பல்லு எல்லாம் இதே ஜாதிதான். புழு பட்டாம்பூச்சி ஆறத மட்டும் இந்தக் கணக்குல சேக்க வேணாம், அதை டீச்சர் சொல்லித்தான் வரையறாங்க.

சரி, இதைப் படிச்சுட்டு உடனே நோட்டைத் தூக்கிட்டு "வால் இல்லன்னா என்ன அர்த்தம்"னு கூகுள்ல தேடாதீங்க. கனவு பலன் பாக்கற வேலை இல்ல இது. ஒரு பிள்ளைக்கு வால் வெக்கம், இன்னொரு பிள்ளைக்கு வால் வரைய வரல, அவ்வளவுதான். நாங்களே அர்த்தம் சொல்றதில்ல, "இது இப்ப எங்க போகுது?"ன்னு கேட்டுட்டு வாய மூடிக்குவோம், அதுக்குத்தான் இத்தனை வருஷம் படிப்பு. திருட்டுத்தனமா பக்கம் புரட்டாதீங்க. சொந்தக்காரங்க முன்னாடி காட்டி சிரிக்காதீங்க, சத்தியமா சொல்றேன், பிள்ளை அதை மறக்கவே மறக்காது. புக்கு வாங்கறதுக்கு முன்னாடி நடுவுல பத்து பக்கமாவது புரட்டிப் பாருங்க, பிராஸ் பாசா புத்தகக் கடைகள்ல நின்னுக்கிட்டே புரட்டலாம், யாரும் வைய மாட்டாங்க. கதைல அந்த விலங்கு தன்னைத் தானே காயப்படுத்திக்கிட்டே வருது, கூடவே பிள்ளை சாப்பிடல, தூங்கலன்னா, அது வேற விஷயம், ஸ்கூல் கவுன்சலர்கிட்ட பேசுங்க, ராத்திரின்னா 1767-க்கு (எஸ்ஓஎஸ் உதவி எண்) அடிங்க. மத்தபடி இடம் பத்தலன்னா ஷூ அலமாரிய காலி பண்ணுங்க, நோட்டை விட்டுடுங்கம்மா, ப்ளீஸ்.

அந்தப் பொண்ணு ஒரு மாசம் எதுவும் வரையல. போன வாரம் புது நோட்டோட வந்தா. பூனை இல்ல, உடும்பு. கால்வாய் ஓரம் வெயில்ல படுத்திருக்கு, முதுகுத் தோல் அங்கங்க உரிஞ்சு தொங்குது, வால் மட்டும் மூணு கட்டத்துக்கு நீண்டு கெடக்கு. நான் இன்னும் எதுவும் கேக்கல.