பிசிஆர்: சொல் விளக்கம்

குன்னூர், கோத்தகிரி பக்கம் லைன் வீடுகளுக்குப் பின்னால் பலகைக் கூண்டு வைத்துப் புறா வளர்ப்பவர்கள் உண்டு. கழுத்து முறுக்கிய புறாவைப் பார்த்தால் சட்டென்று 'பனி அடிச்சிருச்சு' என்று முடித்துவிடுவார்கள். பனி என்ன செய்யும், பாவம். தலை ஒரு பக்கம் திருகி, கொத்தப் போன கம்பு தவறி, பச்சைத் தண்ணீராகக் கழிகிற புறாவுக்குப் பெரும்பாலும் வந்திருப்பது பாராமிக்சோ வைரஸ். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தரும் வைரஸின் புறா வகை. ஆனால் சால்மோனெல்லா பாக்டீரியாவும் இதே மாதிரி கழுத்தை முறுக்கும். எது என்று பிரித்தறிய உதவும் சோதனைதான் பிசிஆர். கொரோனாவுக்குப் பிறகு இந்தப் பெயர் எல்லோருக்கும் பழக்கம், மூக்கில் குச்சி விடுவது என்கிற அளவில்.

விரித்தால், பாலிமரேஸ் செயின் ரியாக்‌ஷன். கிரேக்கத்தில் 'பாலி' என்றால் பல, 'மெரோஸ்' என்றால் பகுதி. 'ஏஸ்' என்பது நொதிகளின் பெயரில் வரும் விகுதி. 1833இல் பிரான்சில் பெயரிடப்பட்ட டயாஸ்டேஸ் என்ற நொதியிலிருந்து வந்தது. ஆக, சிறு அலகுகளைக் கோத்து நீண்ட இழையாக்கும் நொதி பாலிமரேஸ். பாலிமருக்குத் தமிழில் பலபடி என்ற சொல் இருப்பதால் இதைப் பலபடியாக்கி எனலாம்.

செயின் ரியாக்‌ஷனைச் சிலர் சங்கிலி வினை என்றும் சிலர் தொடர்வினை என்றும் எழுதுகிறார்கள். என் ஓட்டு தொடர்வினைக்கு. சங்கிலி வடமொழி வழி வந்தது. தொடர் என்ற சொல்லுக்கே சங்கிலி என்ற பொருள் பழையது. புறநானூற்றில் கட்டிப்போட்ட நாய் 'தொடர்ப்படு ஞமலி'. ஒன்றன்பின் ஒன்றாக நடப்பது என்ற பொருளும் அதிலேயே கிடைக்கிறது. பலபடியாக்கித் தொடர்வினை என்பது சரியான கலைச்சொல். கூண்டுக்காரரிடம் பேசும்போது 'மரபுப்பொருள் பெருக்கச் சோதனை' என்றால் விஷயம் புரிந்துவிடும்.

பெருக்கம்தான் இதன் உயிர். புறாவின் தொண்டையிலும் எச்சவாயிலும் பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியை ஐஸ் பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே சுமார் 95 டிகிரி செல்சியஸில் டிஎன்ஏ என்ற மரபுப்பொருளின் ஈரிழை பிரியும். 50 - 60 டிகிரிக்கு ஆறவிட்டால், தேடுகிற வைரஸுக்கென்றே செய்த தொடக்கத் துணுக்குகள் (பிரைமர் எனும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) அதில் ஒட்டும். 72 டிகிரியில் நொதி புது இழை கோக்கும். ஒரு சுற்றுக்கு ஒன்று இரண்டாகும். 30 சுற்றில், கணக்குப்படி, 100 கோடிக்கு மேல். அத்தனை சூட்டிலும் கெடாத நொதி, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டெடுத்த பாக்டீரியாவினுடையது. இந்த முறையை 1983இல் யோசித்த கேரி முல்லிஸுக்கு 1993இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பாராமிக்சோவிடம் மரபுப்பொருளாக இருப்பது டிஎன்ஏ அல்ல, ஆர்என்ஏ. அதை முதலில் டிஎன்ஏவாகப் படியெடுத்தாக வேண்டும். 'ஆர்டி-பிசிஆர்' என்பதில் வரும் ஆர்டி அந்தப் படியெடுப்பு. தமிழில் பின்னோக்குப் படியெடுப்பு என்பார்கள். குஞ்சுகளின் நோய் எதிர்ப்பைச் சாய்க்கும் சர்க்கோவைரஸுக்கு இந்த வேலை வேண்டாம், அது டிஎன்ஏ வைரஸ். அதை ஆய்வகத்தில் வளர்த்தெடுக்க முடியாததால் கண்டுபிடிக்க பிசிஆரைத்தான் பெரிதும் நம்புகிறார்கள்.

அப்புறம், 'பிசிஆர் பாசிட்டிவ்' என்றால் அந்த வைரஸின் மரபுப்பொருள் மாதிரியில் இருக்கிறது என்று மட்டுமே பொருள். நன்றாகத் தின்று பறக்கும் புறாவிலும் சர்க்கோவைரஸ் அகப்படும். செத்ததற்கு அதுதான் காரணமா என்பதை நோய்க்குறிகளையும் பிரேதப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் சொல்வார்.