ஈர விறகுக்குக் காய்ந்த விலையா?

பாய்லர் தணிக்கைக்காகத் திருப்பூர் சாயப்பட்டறைக்குப் போனாலும் சரி, நீலகிரியில் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனாலும் சரி, முதலில் விறகு அடுக்கியிருக்கும் இடத்தைப் பார்த்துவிடுவேன். லாரி எடைமேடையில் ஏறி இறங்கும், டன் கணக்கில் பில் போடுவார்கள். அந்த எடையில் தண்ணீர் எவ்வளவு என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

புதிதாக வெட்டிய மரத்தில் பாதி எடை வரைகூடத் தண்ணீர் இருக்கும். அப்படிப்பட்ட விறகு கிலோவுக்குச் சுமார் 1,900 கிலோகலோரிதான் தரும். 20 சதவீத ஈரத்துக்குக் காய்ந்தால் சுமார் 3,400. பச்சை விறகைப் போட்டால் அடுப்பில் சூடு ஏறாது, புகை மண்டும், புகைபோக்கியில் தார் படியும்.

வாங்குபவருக்கு மட்டுமா நஷ்டம்? ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டி விற்பவரை நினைத்துப் பாருங்கள். பாதி ஈரமுள்ள ஒரு டன்னை அவர் பொறுமையாக 20 சதவீத ஈரத்துக்குக் காயவைத்தால் 625 கிலோதான் மிஞ்சும். அதில் கிடைக்கும் மொத்த வெப்பமோ முன்பைவிட அதிகம். ஆனால் நாம் எடைக்குத்தானே பணம் கொடுக்கிறோம்? நல்ல சரக்கு கொடுத்தவருக்கு வருமானம் குறைகிறது. அப்புறம் யார் காயவைப்பார்கள்? நம் ஊரில் விறகுச் சந்தை வளராமல் நிற்பதற்கு இதுதான் பெரிய காரணம் என்பேன். ஆஸ்திரியாவில் விவசாயிகளே சேர்ந்து ஊருக்குச் சுடுநீர் அனுப்பும் வெப்ப நிலையங்கள் உண்டு. அங்கே மரச்சீவலின் ஈரத்தை அளந்து, தண்ணீரைக் கழித்த உலர் எடைக்கோ வெப்பத்துக்கோ விலை போடுகிறார்கள்.

ஈரம் பார்ப்பது பெரிய வேலையில்லை. கட்டையின் நுனி சீக்கிரம் காய்ந்துவிடும், அங்கே அளக்காதீர்கள். நடுவில் பிளந்து, புதிய முகத்தில் ஈரமானியின் ஊசியைக் குத்துங்கள். பல கருவிகள் உலர் எடையை வைத்துக் கணக்கிடும். அதில் 25 என்று காட்டினால், தண்ணீரையும் சேர்த்த மொத்த எடையை வைத்துப் போடும் நம் கணக்கில் 20. பச்சை மரத்துக்கு அந்தக் கருவியை நம்ப முடியாது. அதிலிருந்து கொஞ்சம் சீவி எடுத்து எடைபோட்டு, 105 டிகிரி உலர்த்தும் அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை வைத்து மறுபடி எடைபோடுங்கள்; குறைந்த எடைதான் தண்ணீர்.

20 சதவீதம் வரை முழு விலை, அதற்கு மேல் ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் விலையில் ஒன்றரை சதவீதம் கழிவு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே விறகு கொடுப்பவரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். நனைந்த லாரி எடைமேடையில் நிற்கும்போது பேசினால் சண்டைதான் வரும்.