கடலடி வடம்

'நீர்மூழ்கிக் கம்பி பதித்தல்'. போன வாரம் ராபர்ட் டட்லியின் நீர்வண்ண ஓவியங்களுக்குத் தமிழில் இப்படி ஒரு தலைப்பைப் பார்த்தேன். 1865இல் அட்லாண்டிக்கின் அடியில் தந்தி கேபிள் போடப் புறப்பட்ட கிரேட் ஈஸ்டர்ன் கப்பலில் கூடவே போய் வரைந்தவர் அவர். ஓவியங்கள் இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தத் தலைப்பில் மூன்று சொற்கள், மூன்றும் தவறு.

இங்கே நீர்மூழ்கி என்று ஆக்கப்பட்ட சப்மரீன் என்ற ஆங்கிலச் சொல் லத்தீன் வழி வந்தது. கடலுக்கு அடியில் உள்ளது என்று பொருள். கப்பலுக்கு அது பெயரானது பிற்பாடுதான். அந்தக் கப்பலை நீர்மூழ்கி என்பது அழகான சொல். மரங்கொத்தி கொத்துகிறது, நீர்மூழ்கி மூழ்குகிறது. ஆனால் கடல் தரையில் கிடப்பது எங்கே மூழ்கி எழுகிறது? 1865 ஆகஸ்ட் 2 அன்று அறுந்து ஆழத்துக்குப் போனதைக் கொக்கி போட்டு மேலே கொண்டுவர அடுத்த ஆண்டு செப்டம்பர் ஆயிற்று. 'கடலடி' என்றால் வேலை முடிந்தது.

அதைவிட 'கம்பி'தான் எனக்குத் தாங்கவில்லை. கம்பி என்றால் ஒற்றை உலோக இழை. துணி காயப்போடக் கொடி கட்டுகிறோமே, அது. 1865இல் போட்டதைப் பாருங்கள்: நடுவில் ஏழு செம்புக் கம்பிகளின் முறுக்கு, அதைச் சுற்றிக் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பூச்சு, அதன் மேல் சணல், வெளியே நார் சுற்றிய பத்து இரும்புக் கம்பிகள். ஒரு அங்குலத்துக்கு மேல் பருமன். கம்பிகளைச் சேர்த்து முறுக்கியதற்கே கம்பி என்று பேர் வைத்தால், தேர்வடத்தை நூல் என்று சொல்லலாமா? தேர் இழுக்கிற ஊர்க்காரனுக்கு வடம் என்றால் உடனே கண்முன் வரும். கேபிள் என்ற சொல்லும் முதலில் கப்பலின் பருத்த கயிற்றைத்தான் குறித்தது. கிரீனிச் தொழிற்சாலையின் பெரிய தொட்டிகளில் ஆட்கள் அதைச் சுருட்டி அடுக்குவதையும் டட்லி வரைந்திருக்கிறார். சுருட்டி அடுக்குவது வடம்தானே!

வடத்துக்கு முன்னால் 'தந்தி' என்றும் சேர்ப்பேன். அது வடமொழி வழி வந்தாலும் வீணையிலிருந்து தபால் ஆபீஸ் வரை நம்மோடு வாழ்ந்த சொல். அதை மாற்றத் துடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அப்புறம் 'பதித்தல்'. தெருவில் பள்ளம் தோண்டிக் குழாய் பதிப்பார்கள். இங்கே கப்பலின் பின்புறத்திலிருந்து வடம் நழுவி இறங்கி, இரண்டு மைல் ஆழத்துக்கும் கீழே சும்மா கிடக்கிறது. யாரும் தோண்டவில்லை. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் வரியோடு எழுந்துவிடுகிறார்கள். படம் பக்கத்திலேயே இருந்தும் பார்ப்பதில்லை. 'கடலடித் தந்தி வடம் இறக்குதல்' என்று எழுத ஒரு நிமிடம் படத்தைப் பார்த்திருந்தால் போதும்.