ஓடாத காரின் ரப்பருக்கு ஏன் வெடிப்பு?

வாசகர் ஒருவரின் கேள்வி: “அப்பா 1984இல் வாங்கிய அம்பாசிடர், கிராமத்து வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. மாதம் ஒருமுறைகூட வெளியே எடுப்பதில்லை. வெயில் படுவதில்லை, ஊரில் புகையும் கிடையாது. ஆனாலும் கண்ணாடிகளைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் முழுவதும் வெடிப்பு. மழை பெய்தால் உள்ளே ஒழுகுகிறது. பயன்படுத்தாத பொருள் எப்படித் தேயும்?”

தேயவில்லை ஐயா, அறுபட்டிருக்கிறது. அறுத்தது காற்று.

ரப்பர் பற்றிப் பள்ளியில் படித்ததை வேகமாகத் தாண்டிவிடுவோம். கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் விடியற்காலையில் சிரட்டையில் வடியும் பாலில் இருப்பவை நீண்ட சங்கிலி மூலக்கூறுகள். ஐசோப்ரீன் என்ற சிறு அலகு ஆயிரக்கணக்கில் வரிசையாகக் கோத்தால் ஒரு சங்கிலி. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலிகளுக்கு இடையே முடிச்சு விழுகிறது. பிசுபிசுப்புப் போய், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் பொருளாகிறது. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த இந்த வித்தையின் பெயர்தான் நம் ஊர் டயர்க் கடைப் பலகைகளில் ‘வல்கனைசிங்’ என்று நிற்கிறது.

இதில் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலியின் ஒவ்வோர் அலகிலும் இரண்டு கார்பன் அணுக்களுக்கு நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. கந்தகம் தன் முடிச்சுகளைப் போட்டு முடித்த பிறகும் இவற்றில் பெரும்பாலானவை அப்படியே மிஞ்சிவிடும். கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஓசோன் என்றவுடன் வானத்தின் உயரத்தில் இருக்கும் படலம் நினைவுக்கு வரும். நாம் மூச்சுவிடும் காற்றிலும் அது உண்டு. நூறு கோடி மூலக்கூறுகளை எண்ணினால் அதில் 30, 40 ஓசோனாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஓசோனுக்கு இரட்டைப் பிணைப்பு என்றால் தீராத பசி. ரப்பரின் மேற்பரப்பில் ஒரு பிணைப்பைக் கண்டதும் போய் ஒட்டிக்கொள்கிறது. மறுகணம் சங்கிலி அந்த இடத்தில் இரண்டாக முறிகிறது.

இனிமேல் நடப்பதுதான் எனக்கு அலுக்கவே அலுக்காத பகுதி. தொய்வாகக் கிடக்கும் பூச்சரத்தை நடுவில் கத்தரித்தால் வெட்டிய முனைகள் பக்கத்துப் பக்கத்திலேயே கிடக்கும். வாசலில் விறைப்பாகக் கட்டிய சரத்தைக் கத்தரித்தால்? இரு முனைகளும் பாய்ந்து விலகும். ரப்பரும் அப்படியே. இழுபடாத ரப்பரின் மேற்பரப்பை ஓசோன் தாக்கினால், முறிந்த முனைகள் அங்கேயே கிடந்து மீண்டும் எதனுடனாவது ஒட்டி, மெல்லிய தோலாகிவிடும். அந்தத் தோலுக்கு அடியில் ஓசோனுக்கு வேலை இல்லை. ஆனால் ரப்பர் சில சதவீதம் நீண்டிருந்தாலே போதும், முறிந்த முனைகள் விலகிப்போய் அடியிலிருக்கும் புது ரப்பர் திறந்துகொள்கிறது. அதையும் ஓசோன் முறிக்கிறது. மீண்டும் திறக்கிறது. பெரிய விசை எதுவும் வேண்டாம். ரப்பர் தன் இழுவையாலேயே தன்னைப் பிளந்து கொடுக்கிறது. அதனால்தான் வெடிப்புகள் எப்போதும் இழுவைக்குக் குறுக்காகவே ஓடும். உங்கள் அம்பாசிடரில் கண்ணாடியின் மூலை வளைவுகளைப் பாருங்கள். அங்கே பீடிங்கின் வெளிப்பக்கம் வளைவால் நீண்டிருக்கும். சீப்பின் பல் இடைவெளிபோல வரிசையாகக் குறுக்கு வெடிப்புகள் இருக்கும். நேராக ஓடும் பகுதியில் அவ்வளவு இருக்காது.

இதைவிட வேடிக்கை ஒன்று. அதிகம் இழுத்தால் அதிகம் கெடும் என்றுதானே தோன்றும்? அப்படி இல்லை. நன்றாக இழுத்த ரப்பரில் வெடிப்புகள் எண்ணற்றவையாக, நுண்ணியவையாக, நெருக்கமாகத் தோன்றுகின்றன. ஒவ்வொன்றும் திறக்கும்போது தன் அக்கம்பக்கத்து இழுவையைத் தளர்த்திவிடுவதால் எதுவும் ஆழமாக வளர முடிவதில்லை. இலேசாக, தொடங்குவதற்குப் போதுமான அளவு மட்டும் இழுத்த ரப்பரில் வெடிப்புகள் சிலவே தோன்றும். போட்டிக்கு ஆள் இல்லாததால் அவை ஆழமாக இறங்கும். இலேசான இழுவை என்பது காரில் பீடிங் பொருத்தும்போது நம் கை தானாகக் கொடுக்கும் இழுவைதான். இந்த விஷயத்துக்குப் பின்னால் திரும்பி வருகிறேன்.

நம்பாதவர்கள் இரண்டு ரப்பர் பேண்டுகளை எடுத்து, ஒன்றை ஒரு பாட்டிலில் இழுத்து மாட்டி, இன்னொன்றைச் சும்மா பக்கத்தில் போட்டு, நிழலான பால்கனியில் சில வாரம் விட்டுவையுங்கள். பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

“ஊரில் புகை இல்லையே” என்கிறார் வாசகர். புகைபோக்கியிலிருந்து ஓசோன் நேரடியாக வருவதில்லை. வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஆவியான ஹைட்ரோகார்பன்களும் வெயிலில் வெந்து, காற்றோடு நகரும்போது உண்டாகிறது. நெரிசலான சாலையில் புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு, இருக்கும் ஓசோனையும் தின்றுவிடும். ஆகவே நகரத்து நாற்சந்தியைவிட, காற்று வீசும் திசையில் தள்ளி இருக்கும் கிராமத்தில் ஓசோன் கூடுதலாக இருப்பது உண்டு. கொட்டகை வெயிலைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. பக்கத்தில் வெல்டிங் பட்டறை இருந்தால் இன்னும் மோசம், வெல்டிங் பொறியும் ஓசோனை உண்டாக்கும்.

இந்தத் தொடர்பைக் கண்டவரின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆரி ஹாகன்ஸ்மிட் என்ற டச்சு வேதியியலாளர் அன்னாசிப்பழத்தின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். 1940களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைக் கண் எரிச்சல் தரும் மூட்டம் சூழ்ந்தது. பழத்தின் ஆவியைப் பிரித்தறியப் பழகிய கை நகரத்துக் காற்றையும் பிரித்தறிந்தது. வெயிலும் வாகனப் புகையும் சேர்ந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று அவர் காட்டினார். அந்த ஓசோனை அளக்க அவர் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று, வளைத்து வைத்த ரப்பர்த் துண்டு. எத்தனை நிமிடத்தில் முதல் வெடிப்பு தெரிகிறது என்பதுதான் அளவு! அன்னாசி வாசனைக்கு எதற்கு மானியம் என்று நம் ஊர் நிதிக்குழு ஒன்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. கல்லூரியில் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு துறை இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, மாற்றும் வேலைக்கு வருவோம். கடையில் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள். இதிலும் கந்தகம் முடிச்சுப் போடுவதற்காக இரட்டைப் பிணைப்பு உண்டு. ஆனால் அது சங்கிலியின் நடுத்தண்டில் இல்லை. பக்கக் கிளையில் தொங்குகிறது. ஓசோன் கடித்தால் கிளை ஒடியும், கொடி அறாது. இப்படி ஒரு சங்கிலியைக் கோக்க உதவும் வினையூக்கிகளுக்காகத்தான் வேதியியலாளர்கள் சீக்லரும் நாட்டாவும் 1963இல் நோபல் பரிசு பெற்றார்கள். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் “ஆமாம்” என்றால், ஆணியில் நெடுநாளாகத் தொங்கும் சுருளைக் கேளுங்கள். ஆணியின் மேல் வளைந்து கிடந்த இடத்தின் வெளிப்பக்கத்தை இன்னும் கொஞ்சம் வளைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

பழைய பீடிங்கைப் பிடுங்கி, பள்ளத்திலுள்ள துருவையும் காய்ந்த பசையையும் சுரண்டித் துடைத்துவிடுங்கள். பொருத்தும்போது வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். தேங்காய் எண்ணெயும் டீசலும் வேண்டவே வேண்டாம். பளபளப்பு வரும், கூடவே எண்ணெய் உள்ளே புகுந்து ரப்பர் ஊதிப்போகும். எலுமிச்சைத் தோலைப் பிழிந்து அந்தச் சாரலை ஊதிய பலூன் மேல் படவிட்டால் பலூன் பட்டென்று உடையும், அதே காரணம்தான். திருஷ்டிக்காகக் காரில் எலுமிச்சம்பழம் கட்டுபவர்கள், காருக்கு நிஜமாகவே தீங்கு செய்யக்கூடிய பழத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று நான் சீண்டுவது உண்டு. பயப்பட வேண்டாம், முழுப்பழம் ஒன்றும் செய்யாது. திருஷ்டியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பத்து ஆண்டுகளுக்கு முன் என் பத்மினி காருக்கு நானே பீடிங் போட்டேன். ஒரு முனையைச் செருகி, இழுத்து இழுத்து அழுத்திக்கொண்டே போனேன். சுற்றி முடித்தபோது இரண்டு விரற்கடை மிச்சம். அளவு கச்சிதம் என்று பெருமையோடு வெட்டி எறிந்தேன். அடுத்த மழைக்குள் ரப்பர் தன் பழைய நீளத்துக்குச் சுருங்கி, முனைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. அதற்கடுத்த ஆண்டு மூலைகளில் வெடிப்பு. பட்டறை மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, “இழுத்தீர்களா சார்?” என்று மட்டும் கேட்டார். அவர் போட்டது வேறு விதம். அளவைவிட ஒரு விரற்கடை நீளமாக வெட்டினார். முதலில் இரு முனைகளையும் கீழ்ப்பக்க நடுவில் சேர்த்துப் பதித்தார். பிறகு நான்கு மூலைகள். கடைசியாக நடுப்பகுதிகளில் உப்பி நின்றதை உள்ளங்கையால் தட்டித் தட்டி உள்ளே அடக்கினார். ரப்பர் எங்கும் நீளவில்லை, சற்று நெருக்குண்டே உட்கார்ந்தது. நெருக்குண்ட ரப்பரில் ஓசோனால் வெடிப்பைத் திறக்க முடியாது. ஓசோன் என்ற சொல்லை அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

கடைசியாக, கதவு வழியாக ஒழுகுவது. ஏறி இறங்கும் கண்ணாடியின் ஓரத்தில் எவ்வளவு நல்ல பீடிங் போட்டாலும் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்கியே தீரும். அதற்காகவே கதவின் அடியில் வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள். அவை மண்ணால் அடைபட்டால் கதவு தொட்டியாகிவிடும். நிரம்பிய தண்ணீர் உங்கள் காலடிக்கு வரும், தகடும் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். புது பீடிங்குக்குப் பணம் கொடுக்கும் முன் கதவுக்குக் கீழே குந்தி, ஒரு விளக்குமாற்றுக் குச்சியால் அந்தத் துளைகளைக் குத்திப் பாருங்கள். என் காரின் இடது பின்கதவில் துளையை உள்ளிருந்து மூடிக்கொண்டிருந்தது ஒரு பத்துப் பைசா நாணயம்.