கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஆர்டர் போடும் முன் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படியுங்கள்

தை முகூர்த்தங்களுக்கு நடுவில் ஒரு நாள் காலை. பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து, கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர் சிபியூவைப் போர்வையில் சுற்றி, பைக் டேங்கின் மேல் வைத்துக்கொண்டு கும்பகோணத்தில் இருக்கும் என் கடைக்கு வந்தார். மேசையில் இறக்கியதுமே கருகின வாடை அடித்தது.

“அண்ணே, புதுசா கார்டு வாங்கி நானே மாட்டினேன். ரெண்டு நாள் நல்லாத்தான் ஓடுச்சு. நேத்து ராத்திரி ரெண்டர் போட்டுட்டுப் படுத்துட்டேன். விடிஞ்சு பாத்தா ஆன் ஆவல. நாளான்னிக்கு பார்ட்டிக்கு வீடியோ குடுக்கணும்ணே.”

பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு. அந்தக் கார்டுக்குத் தனியாக 8 பின் பவர் ஒயர் செருக வேண்டும். அவருடைய எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பவர் பெட்டியில், அந்த ஒயரே கிடையாது. அதனால் கார்டோடு சேர்த்து ஒரு கன்வெர்ட்டர் கேபிளும் ஆன்லைனில் வாங்கியிருக்கிறார். அதன் ஒரு முனை ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா பவர் பின்னில் மாட்டுவது, மறுமுனை 8 பின். எரிந்திருந்தது அந்தச் சாட்டா முனை. கறுப்பு பிளாஸ்டிக் உருகி வழிந்து மறுபடி இறுகியிருந்தது. மஞ்சள் ஒயரின் உறை வெந்து உள்ளே செம்பு தெரிந்தது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. வெட்டித்தான் எடுத்தேன்.

கணக்கு ரொம்ப எளிது. ஆர்டிஎக்ஸ் 3060 முழு வேகத்தில் ஓடும்போது 170 வாட் கேட்கும். மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் தரும். மீதி 95 வாட் அந்த ஒயர் வழியாக வந்தாக வேண்டும். சாட்டா பவர் பின்னில் 12 வோல்ட்டுக்கு இருப்பது 4.5 ஆம்ப்ஸ். பெருக்கினால் 54 வாட். 54 தாங்குவதில் 95-ஐ ராத்திரி முழுக்க இழுத்திருக்கிறது. எரியாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

கார்டு பிழைத்துவிட்டது. எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. அதே ஒயரில் இருந்த ஹார்ட் டிஸ்கும் சுற்றவில்லை. இரண்டு கல்யாணங்களின் வீடியோ அதில் இருந்தது. ஒன்று கேமரா கார்டில் அழிக்காமல் இருந்ததால் தப்பித்தது. இன்னொன்றுக்காக டிஸ்கைச் சென்னைக்கு டேட்டா ரெக்கவரிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அதற்கு ஆன செலவு கார்டு விலையைத் தாண்டிவிட்டது.

இந்த வேலைக்கு வந்து 17 வருடமாகிறது. கார்டு வாங்கிவிட்டு வருகிறவர்கள் எல்லோருமே ஏதோ ஒன்றைச் சரிபார்த்துத்தான் வாங்கியிருப்பார்கள். “ஸ்லாட் இருக்குண்ணே, பாத்துட்டுதான் வாங்கினேன்” என்பார்கள். மதர்போர்டில் கார்டு செருகும் நீளமான அந்த பிசிஐஇ ஸ்லாட் கடந்த 15 வருடங்களில் வந்த டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் இருக்கும். கார்டு அதில் உட்காரவும் செய்யும். உட்கார்ந்த கார்டுக்குக் கரண்ட் கொடுக்க அந்தப் பெட்டியால் முடியுமா என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது.

ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் 450 என்றோ 500 என்றோ போட்டிருக்கும். அதை விடுங்கள். கீழே சின்னதாக ஒரு கட்டம் இருக்கும். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்ப்ஸ் என்று போட்டிருப்பார்கள். பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு இரண்டுமே தின்பது 12 வோல்ட்டில்தான். அந்த ஆம்ப்ஸை 12-ஆல் பெருக்குங்கள். அந்தத் தம்பியின் எஸ்எம்பிஎஸ்ஸில் பெரிதாக 450 என்று இருந்தது, 12 வோல்ட்டில் 16 ஆம்ப்ஸ். அதாவது 192 வாட். கார்டுக்கு 170, பிராசஸருக்குப் பெயரளவில் 65, அதுவே 235 ஆகிவிட்டது. கேபினெட்டோடு சேர்ந்து வரும் மலிவான எஸ்எம்பிஎஸ்களில் இந்த மாதிரி நிறைய பார்த்துவிட்டேன். ஒரு நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டுக்கு மட்டும் 40 ஆம்ப்ஸுக்கு மேல் இருக்கும். சிலவற்றில் 12 வோல்ட்டை இரண்டாகப் பிரித்துக் காட்டியிருப்பார்கள். இரண்டையும் நீங்களாகக் கூட்டாதீர்கள், 12 வோல்ட்டுக்கு மொத்தம் எத்தனை வாட் என்று பக்கத்திலேயே போட்டிருக்கும், அதைப் பாருங்கள்.

ஆர்டிஎக்ஸ் 3060, 4060 இரண்டுக்குமே 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. 4060 கேட்பது 115 வாட்தானே, ஏன் அவ்வளவு என்று கேட்பார்கள். கார்டு ஒரு நொடியில் திடீரென்று இழுக்கும் இழுப்புக்கும், எஸ்எம்பிஎஸ் பழசாகி வலு குறைவதற்கும் சேர்த்துத்தான் அந்த இடைவெளி. இந்த ஊர் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குக் கீழே ஓடும் ஸ்டுடியோக்களுக்கு அந்த இடைவெளி நிச்சயம் வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக வரும் 6 பின் அல்லது 8 பின் ஒயர் இல்லையென்றால், அந்தக் கார்டு உங்கள் பெட்டிக்கு இல்லை. ஒன்று எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள், இல்லாவிட்டால் தனி ஒயரே தேவைப்படாத கார்டாகப் பாருங்கள். சாட்டாவிலிருந்து மாற்றும் கன்வெர்ட்டரைக் கையால் தொடாதீர்கள். யார் வந்து கேட்டாலும் என் கடையில் அதை மாட்டுவதில்லை.

தனி ஒயர் கேட்காத கார்டுகளும் உண்டு. ஜிடிஎக்ஸ் 1650 75 வாட்டுக்குள் நிற்கும், ஆனால் அதிலேயே சில மாடல்களுக்கு 6 பின் வேண்டும், படத்தைப் பார்த்து வாங்குங்கள். ஆர்டிஎக்ஸ் 3050-இல் 6 ஜிபி கார்டு 70 வாட், ஒயர் வேண்டாம். அதே பெயரில் வரும் 8 ஜிபி கார்டு 130 வாட், ஒயர் வேண்டும். பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டு இதில் ஏமாந்து நிற்பவர்கள் உண்டு. ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட். விலையைப் பார்த்து வீடியோ எடிட்டர்கள் அதைத் தேடி வருகிறார்கள். அதில் வீடியோவை என்கோட் செய்யும், அதாவது சுருக்கி ஃபைலாக்கும் பகுதியே கிடையாது. கேம் விளையாடச் சரி, கல்யாண வீடியோ ரெண்டருக்கு உதவாது.

அடுத்தது வீட்டுக் கரண்ட். இதைப் பற்றிச் சென்னைக்காரர்கள் போடும் வீடியோக்களில் யாரும் பேசுவதில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்காத வருடங்களில் குறுவைக்கு போர் மோட்டார்தான் கதி. நாலு பம்ப்செட் ஒரே லைனில் ஓடும் நேரத்தில் வீட்டுக்கு வரும் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று கிராமத்தில் இருக்கும் யாருக்கும் தெரியும். பேன் சுற்றும் வேகத்திலேயே தெரிந்துவிடும். எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் இன்புட் 100-240 என்று இருந்தால் அது இறக்கத்தைச் சமாளிக்கும். 200-240 என்றிருந்தால் கார்டு முழு வேகத்தில் ஓடும்போது பெட்டி அணைந்து அணைந்து ஏறும். அப்படி அணைந்தால் கார்டைக் குறை சொல்லிக்கொண்டு வருவார்கள். வீட்டில் மல்டிமீட்டரை வைத்து சாயங்காலம் ஒரு தடவை, மோட்டார் ஓடும் நேரத்தில் ஒரு தடவை அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு ஓட்டுகிற வீடுகளும் இருக்கின்றன. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அவசரத்துக்கு இழுத்த ஒயரிங்கோடு இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளை வேதாரண்யம் பக்கம் பார்த்திருக்கிறேன். முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள். கார்டு அடுத்த மாதம் வரட்டும்.

யுபிஎஸ்ஸையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 600 விஏ. அது தருவது 360 வாட் அளவுக்குத்தான். ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால், பழைய பேட்டரியோடு கிடக்கும் அந்த யுபிஎஸ் ஒரு சத்தம் போட்டுவிட்டுப் படுத்துவிடும். பெரிய கார்டு போடுகிறவர்களுக்கு 1000 விஏ-க்குக் குறைந்து நான் சொல்வதில்லை.

இடம் பற்றி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வரும் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் இப்போது காலேஜ் பிள்ளைகளிடம் நிறைய இருக்கின்றன. விலைக்கு நல்ல பெட்டிகள்தான், நானே விற்கிறேன். ஆனால் ஒல்லியான மாடலாக இருந்தால் அதில் பாதி உயரக் கார்டுதான் நுழையும். எஸ்எம்பிஎஸ்ஸும் அந்தக் கம்பெனிக்கென்றே தனி வடிவத்தில், தனி பின்னோடு இருக்கும். கடையில் விற்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் அதில் பொருந்தாது. போன ஆடியில் மன்னார்குடியிலிருந்து ஒரு மாணவர் தன் அப்பாவோடு வந்தார். இரண்டு பேன் வைத்த பெரிய கார்டு கையில் இருந்தது. சீல் கூடப் பிரிக்கவில்லை. பெட்டியைப் பார்த்ததுமே சொன்னேன், “தம்பி, இது இதுக்குள்ள போவாது. சீல் பிரிக்காம இன்னிக்கே ரிட்டர்ன் போட்டுடுங்க.” அப்பா கேட்டார், “பெட்டிய வெட்டி உள்ள வைக்க முடியாதுங்களா?” தகட்டை வெட்டலாம், எஸ்எம்பிஎஸ்ஸை என்ன செய்வது? கடைசியில் பாதி உயரத்தில் வரும் 3050 6 ஜிபி போட்டோம். அவருடைய கேமுக்கு அது போதும்.

பெரிய கேபினெட் வைத்திருப்பவர்களும் டேப் எடுத்து அளக்க வேண்டும். பின்பக்கத் தகட்டிலிருந்து முன்னால் ஹார்ட் டிஸ்க் கூடு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். இரண்டு பேன் கார்டு 240 பக்கம் வரும், மூன்று பேன் கார்டு 300-ஐத் தொடும். தடிமனையும் பாருங்கள், இரண்டு ஸ்லாட் இடத்தை அடைக்கும். கீழே சாட்டா ஒயர் செருகும் இடத்தைக் கார்டு மறைத்துக்கொண்டு நிற்பதும் உண்டு. சம்பா அறுப்பு முடிந்ததும் வைக்கோல் தூசி முன்பக்க ஓட்டைகளை அடைத்திருக்கும், அதை ஊதிச் சுத்தம் செய்யாமல் புதுக் கார்டு மாட்டுவதில் பலனில்லை.

மதர்போர்டில் பார்க்க வேண்டியது குறைவு. புது பிசிஐஇ கார்டு பழைய பிசிஐஇ ஸ்லாட்டிலும் வேலை செய்யும். இரண்டு நீள ஸ்லாட் இருந்தால் பிராசஸருக்குப் பக்கத்தில் இருப்பதில் மாட்டுங்கள், இரண்டாவதற்குள் பெரும்பாலும் நாலு லேன்தான் ஓடும் (லேன் என்பது டேட்டா போகும் பாதை). கார்டே நாலு லேனில் வருவதாக இருந்தால், ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி மாதிரி, பழைய போர்டில் வேகம் நன்றாகவே குறையும். இன்டெல் ஆர்க் கார்டு வாங்க நினைத்தால் ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டின் பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் உள் மென்பொருள்) இருக்க வேண்டும். இன்டெல்லில் பத்தாவது தலைமுறைக்கு முந்திய பெட்டி என்றால் ஆர்க் பக்கம் போக வேண்டாம். 2012-க்கு முந்திய போர்டுகளில் புதுக் கார்டு டிஸ்ப்ளேயே காட்டாமல் போகலாம். அந்தப் பெட்டிக்குச் செலவு செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து.

கார்டே தேவையா என்று பார்ப்பதற்கும் ஒரு வழி உண்டு. உங்கள் வழக்கமான வேலையை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து ஒரு பத்து நிமிடம் பாருங்கள். பிராசஸர் நூறு சதவீதத்தில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தால் புதுக் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். திருபுவனத்தில் பட்டுச் சேலைக்கு ஜக்கார்டு டிசைன் போடும் ஒருவர், பெரிய டிசைனைத் திறந்தால் ஸ்தம்பித்து நிற்கிறது, கிராஃபிக்ஸ் கார்டு போட்டுக் கொடுங்கள் என்று கேட்டார். பார்த்தால் 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். ரேம் நிரம்பி டிஸ்க் நூறு சதவீதத்தில் உறுமிக்கொண்டிருந்தது. ரேமை 8 ஆக்கி எஸ்எஸ்டி போட்டோம். கார்டுக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் பாதிக்கு மேல் அவர் கையிலேயே மிஞ்சியது.

பழைய கார்டு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. நம்பமுடியாத விலைக்கு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிடைத்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நீல நிற விஜிஏ போர்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள். என்விடியாவின் 10 வரிசைச் சிப்பில் அந்தப் பழைய அனலாக் வசதியே கிடையாது. ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற பழைய கார்டுகளின் பயாஸை மாற்றி, பெயரை மாற்றி விற்கிறார்கள். விண்டோஸும் மாற்றிய பெயரையே காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். 2018-லிருந்து அது இப்படிப்பட்ட கார்டின் பெயருக்கு முன்னாலேயே போலி என்று போட்டுவிடுகிறது. ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதையும், கார்டின் சீரியல் நம்பரையும் போனில் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். ரிட்டர்ன் போடக் கொடுத்திருக்கும் நாட்களுக்குள்ளேயே கார்டை மாட்டி, கனமான வேலை ஒன்றை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பவர் ஒயரின் முனையை விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். விரல் வைக்க முடியாத சூடு என்றால் உடனே அணைத்துவிட்டு, ஸ்டிக்கரைப் படம் எடுத்து உங்கள் ஊர் சர்வீஸ்காரருக்கு அனுப்புங்கள்.