டிரம்ஸ் பழகுகிறவர்களே, காதையும் கொஞ்சம் கவனியுங்கள்

ஹெட்போனை மாட்டிக்கொண்டு செவித்திறன் சோதனை அறைக்குள் உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். ஒலி கேட்கும்போதெல்லாம் கையிலுள்ள பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். சுருதியை 500 ஹெர்ட்ஸ், 1000, 2000 என்று உயர்த்தியவரை மிக மெல்லிய ஒலிக்கும் சட்டென்று அழுத்திக்கொண்டே வந்தார். 4000 ஹெர்ட்ஸுக்குப் போனதும் விரல் நின்றுவிட்டது. சத்தத்தை 20 டெசிபல், 25, 30 என்று ஏற்றிக்கொண்டே போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அடுத்த ஒலிக்காக அவர் காத்துக்கொண்டே இருந்தார். வலது காதில் 30 டெசிபலிலும் இடது காதில் 40 டெசிபலிலும்தான் விரல் அசைந்தது. 8000 ஹெர்ட்ஸில் மறுபடியும் நன்றாகக் கேட்டது.

நடுவில் மட்டும் இப்படிப் பள்ளம் விழுந்த ஆடியோகிராமை, அதாவது செவித்திறன் வரைபடத்தைப் பார்த்தால், செவித்திறன் நிபுணர்கள் முதலில் சத்தத்தைப் பற்றித்தான் விசாரிப்போம். "மெஷின் பக்கத்துல வேலையா?" என்று கேட்டேன். "இல்லைங்க மேடம், ஆபீஸ் வேலைதான். சாயங்காலம் டிரம்ஸ் வாசிப்பேன். ஆறு வருஷமாச்சு" என்றார். வலது கைக்காரர். அதனால் ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டு சிம்பல் இடது பக்கம் இருக்கும். பள்ளம் அதிகம் விழுந்ததும் அந்தக் காதில்தான். சில மாதங்களாக, படுத்தவுடன் காதுக்குள் "ஙீ" என்று விடாமல் ஓர் இரைச்சல் கேட்பதாகச் சொன்னார். அப்புறம் தயங்கித் தயங்கி, "வாசிக்கறதை விட்டுடணுமா?" என்றார்.

விட வேண்டாம் என்றேன். முப்பது வயதுக்கு மேல் ஒரு வாத்தியத்தைக் கையில் எடுக்கிறவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்கள் யாரும் காதைப் பலி கொடுத்துவிட்டு வாசிக்கக் கூடாது. இந்தக் கட்டுரையை எழுத அதுதான் காரணம்.

அவருடைய ஆதர்சம் லெட் செப்பலின் ராக் குழுவின் டிரம்மர் ஜான் போனம். 'அந்த மாதிரி வர வேண்டும்' என்று, பூட்டிய சிறிய அறையில் முழு பலத்தோடு அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். போனம் பலமாக அடிப்பவர்தான், மறுக்கவில்லை. ஆனால் 1971-இல் வந்த 'வென் தி லெவீ பிரேக்ஸ்' பாட்டில் கேட்கும் அந்தப் பிரம்மாண்டத்தில் கட்டடத்துக்கும் பெரும் பங்கு உண்டு. இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தில், மாடிப்படி அமைந்த உயரமான கூடத்தின் அடியில் டிரம்ஸை வைத்தார்கள். இரண்டு மைக்குகளை மேலே தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். கூடத்தின் எதிரொலியும் ஒலிப்பதிவுக் கருவிகளும் சேர்ந்துதான் அந்தச் சத்தம். தோள்பட்டை பலத்தால் மட்டும் அதை வீட்டு அறையில் வரவழைக்க முடியாது. அடிக்கிற வேகம் முழுவதும் நேராகக் காதுக்குத்தான் போகும்.

காதுக்குள் என்ன நடக்கிறது? நடுக்காதில் ஸ்டேபீடியஸ் என்று மிகச் சிறிய ஒரு தசை இருக்கிறது. பெரும் சத்தம் வந்தால் அது சுருங்கி, உள்ளே போகும் அதிர்வைக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் சுருங்குவதற்குச் சில பத்து மில்லிவினாடிகளாவது வேண்டும். ஸ்னேர் டிரம்மின் தோலையும் விளிம்பையும் ஒரே நேரத்தில் அடிக்கும் ரிம்ஷாட்டின் உச்சம் அதற்குள் உள்காதைத் தொட்டுவிடும். அங்கே ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. ஒலியதிர்வை நரம்புக்கான செய்தியாக மாற்றுவது அவைதான். மனிதருக்கு அவை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. வாசித்து முடித்ததும் காது அடைத்தாற்போல் இருந்து, காலையில் சரியாகிவிட்டால் பலர் நிம்மதியடைகிறார்கள். அது காது கொடுக்கும் எச்சரிக்கை. திரும்பத் திரும்ப நடந்தால் ஒருநாள் சரியாகாமலே போகும்.

அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பு, உடல்நலம் பற்றி ஆராயும் நயோஷ் (NIOSH) நிறுவனம் தொழிலாளர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-இல் 4 மணி நேரம், 91-இல் 2 மணி நேரம். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். சிறிய அறையில் வேகமாக வாசிக்கும்போது டிரம்மர் காதருகே 100 டெசிபல் என்பது சாதாரணம். இரண்டு பாட்டு முடிவதற்குள் அன்றைய கணக்கில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

"நான் எலக்ட்ரானிக் டிரம்ஸ்தான் வாசிக்கிறேன், எனக்கு என்ன?" என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 1967-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் தி ஹூ குழுவின் கீத் மூன், தன் பேஸ் டிரம்முக்குள் வைத்திருந்த வெடியை வெடிக்க வைத்தார். கிடாரிஸ்ட் பீட் டவுன்ஷெண்ட் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் காது கெட்டதற்கு அந்த வெடியைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் ஸ்டுடியோவில் வருடக்கணக்காக ஹெட்போனில் அதிக சத்தம் வைத்துக் கேட்டதுதான் தன் காதைக் கெடுத்தது என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். நீங்களும் ஹெட்போனில் கேட்டுத்தான் வாசிக்கிறீர்கள். எலக்ட்ரானிக் டிரம்ஸில் வசதி என்னவென்றால், சத்தம் உங்கள் கையில் இருக்கிறது. குறைத்து வையுங்கள்.

எலக்ட்ரானிக் அல்லாத முழு டிரம் செட் வாசிப்பவர்களுக்கு இயர்பிளக் கட்டாயம் என்றே சொல்வேன். சாதாரண ஃபோம் பிளக் மேல்சுருதி ஒலிகளை அதிகம் விழுங்கிவிடும். சிம்பல் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கும். அதனால்தான் பலர் பத்து நிமிடத்தில் கழற்றிவிடுகிறார்கள். இசைக்கலைஞர்களுக்கென்றே இருக்கும் பிளக்குகள் எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். 15 டெசிபல், 25 டெசிபல் என்று அவற்றில் வடிகட்டிகள் உண்டு. டிரம்மருக்கு 25 பொருத்தம். ஃபோம்தான் இருக்கிறதா, சரி, அதையும் ஒழுங்காகப் போடலாம். விரல்களுக்கிடையே மெல்லிய திரி போல உருட்டுங்கள். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேல்நோக்கியும் பின்னோக்கியும் இழுங்கள். உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பயனில்லை.

பெரிய டிரம்மர்களிடம் எடுத்துக்கொள்ள சத்தத்தைவிட நல்ல விஷயங்கள் நிறைய இருக்கின்றன. ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ், ஸ்னேரில் அடி விழும்போது ஹை-ஹாட்டிலிருந்து வலது கையை எடுத்துவிடுவார். அந்தச் சின்ன இடைவெளியில்தான் அந்தத் தாளத்துக்கு உயிர் இருக்கிறது. பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் இடது கைக்காரர், ஆனால் வலது கைக்காரர்களுக்கான அமைப்பில் வாசிப்பவர். டிரம்களின் மேல் அவர் வரிசையாக உருட்டி அடிப்பது தனியாகத் தெரிவதற்கு அது ஒரு காரணம். டெஃப் லெப்பர்டின் ரிக் ஆலன் 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடது கையை இழந்தார். இடது கை அடிக்க வேண்டியதை இடது காலுக்குக் கற்றுக்கொடுத்து, 1986 ஆகஸ்டில் டானிங்டன் விழா மேடையில் வாசித்தார். இதை எழுதும்போதுகூட எனக்குச் சிலிர்க்கிறது. இவற்றில் எதைப் பழகவும் முழு பலம் தேவையில்லை. சத்தம் குறைவான பிராக்டிஸ் பேடும், தாளம் காட்டும் மெட்ரோனோமும் போதும்.

மணிக்கட்டு என் துறை இல்லை. ஆனாலும் ரஷ் குழுவின் டிரம்மர் நீல் பியர்ட்டை நினைவூட்டாமல் விட மனமில்லை. தசைநாண் வலியோடு பல வருடம் வாசித்தவர். உலகமே கொண்டாடிய பிறகும், 1990-களின் நடுவில் ஃப்ரெடி க்ரூபர் என்ற ஆசிரியரிடம் போய், ஸ்டிக்கைப் பிடிப்பதிலிருந்து மறுபடி கற்றுக்கொண்டார்.

அந்த ஆபீஸ்காரர் எட்டு மாதம் கழித்து மறுசோதனைக்கு வந்தார். பள்ளம் அப்படியேதான் இருந்தது, கூடவில்லை. இரைச்சலும் முழுதாகப் போகவில்லை. ஆனால் இப்போது தூக்கம் கெடுவதில்லையாம். கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து இயர்பிளக் டப்பாவை எடுத்துக் காட்டினார். "இதைப் போட்டதுக்கு அப்புறம்தான் மேடம், என் இடது கை லேட்டா விழுறதே எனக்குக் கேக்குது" என்றார்.